சாவிக்கொத்து யார் இடுப்பில்?

தென்கொரிய நாடாளுமன்றத்தில் 2024 டிசம்பர் 3ஆம் தேதி இரவு நடந்தவற்றின் காணொளிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரவு பத்தரை மணி அளவில் அதிபர் யூன் சுக் இயோல் தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். வாசல்களைக் காவல்துறை மறித்தது, உறுப்பினர்கள் சுற்றுச்சுவர் ஏறிக் குதித்தார்கள், ஹெலிகாப்டரில் வந்திறங்கிய சிறப்புப் படையினர் சன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்தார்கள், ஊழியர்கள் மேசை நாற்காலிகளை அடுக்கி வழியடைத்தார்கள். இவை எதுவும் என்னை அதிகம் உறுத்தவில்லை. உறுத்தியது, உறுத்திக்கொண்டே இருப்பது, அந்த இரவின் மிக மந்தமான பகுதி. சபாநாயகர் ஊ வோன் ஷிக் மேடையில் அமர்ந்து காத்திருக்கிறார். அறுபத்தேழு வயதில் அவரும் சுவரேறிக் குதித்துத்தான் வந்திருக்கிறார். அவையில் தேவையான எண்ணிக்கைக்கு மேல் உறுப்பினர்கள் கூடிவிட்டார்கள். படையினர் அதே கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். ‘உடனே வாக்கெடுப்பு நடத்துங்கள்’ என்று கீழேயிருந்து குரல்கள் எழுகின்றன. அவரோ, தீர்மானம் முறைப்படி தாக்கலாகி அவையின் கணினிப் பதிவில் ஏறும் வரை பொறுத்திருக்கச் சொல்கிறார். நடைமுறையில் பிழை நேர்ந்துவிடக் கூடாது என்கிறார். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குத்தான் வாக்கெடுப்பு முடிகிறது. வந்திருந்த 190 பேரும் ராணுவச் சட்டத்தை நீக்கக் கோரி வாக்களித்திருந்தார்கள். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை.

முதன்முறை பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கதவுக்கு வெளியே துப்பாக்கியை வைத்துக்கொண்டு கணினிப் பதிவுக்குக் காத்திருப்பது வீண்பிடிவாதம் போலத் தோன்றியது. பின்னர்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து யோசிக்கத் தொடங்கினேன். அந்த மண்டபத்தில் இருந்தவர்களிடம் படை இல்லை, காவல்துறை இல்லை, கருவூலம் இல்லை. அவர்களுடைய தீர்மானத்தை எந்தப் படைவீரனும் கேட்டாக வேண்டும் என்பதற்கு ஒரே ஆதாரம், அது முறைப்படி நிறைவேறிய தீர்மானம் என்பது மட்டும்தான். அரசியலமைப்பின் 77ஆவது பிரிவு, நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் கேட்டால் அதிபர் ராணுவச் சட்டத்தை நீக்கியே ஆக வேண்டும் என்கிறது. நீக்கலாம் என்று சொல்லவில்லை. 300 பேர் கொண்ட அவையில் 151 பேர் போதும். அவசரத்தில் ஒரு படியைத் தாண்டியிருந்தால், மறுநாள் காலை அதிபர் மாளிகையின் வழக்கறிஞர் ஒருவர் அந்த ஒரு ஓட்டையைக் காட்டியே எல்லாவற்றையும் செல்லாது என்று வாதிட்டிருப்பார். சபாநாயகர் அந்த நிமிடங்களைச் செலவிட்டது அந்த வழக்கறிஞருக்காக.

இதுவரை சரி. ஆனால், ‘ஆகவே நடைமுறைதான் அதிகாரத்துக்குக் கடிவாளம்’ என்று முடித்துவிட முடியவில்லை. ஏனென்றால் நடைமுறை எல்லாமே ஒழுங்காக நடந்து, அதிகாரம் மட்டும் கட்டவிழ்ந்துபோன ஓர் இரவு நம் நாட்டிலும் உண்டு.

டெல்லியில் 1975

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமரின் தேர்தல் வெற்றியை ரத்து செய்ததும், ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் வி.ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடையாணை கொடுத்ததும் தெரிந்த கதை. அது வரை கடிவாளங்கள் இறுக்கமாகவே இருந்தன. பதவியிலிருக்கும் பிரதமரின் தேர்தலை ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி தனியொருவராக ரத்து செய்த நாடுகள் உலகில் அதிகமில்லை. அடுத்த நாள் இரவில் எல்லாம் கழன்றன.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது, நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கையில் அந்த இரவைப் பற்றி வரும் பகுதி. இந்திரா காந்தி குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமதுவுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார். நெருக்கடி நிலைப் பிரகடனத்தை அமைச்சரவையில் வைக்கவே விரும்பியதாகவும், அன்றிரவு அதற்கு வாய்ப்பில்லை என்றும், அமைச்சரவையைக் கூட்டாமலே முடிவெடுக்க அரசு அலுவல் விதிகளில் 12ஆவது விதி தரும் அதிகாரத்தைப் பயன்படுத்திக்கொள்வதாகவும் அதில் எழுதுகிறார். கவனியுங்கள், விதி எண் குறிப்பிடப்படுகிறது. குடியரசுத் தலைவரின் செயலாளர் இது முறையாகாது என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் பிரகடனத்தின் வரைவு வந்து சேர்ந்தது, கையெழுத்தும் விழுந்தது. விடியற்காலையில் தலைவர்கள் கைது செய்யப்பட்டார்கள். காலை ஆறு மணிக்கு அமைச்சரவை கூடியது. ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்ட ஒன்றுக்கு ஒப்புதல் கேட்கப்பட்டது, ஒப்புதல் கிடைத்தது. ஒருவரும் எதிர்த்து நிற்கவில்லை. அடுத்த மாதம் இரு அவைகளும் அங்கீகரித்தன. மக்களவையின் 518 இடங்களில் 352 இடங்கள் 1971 தேர்தலிலேயே ஆளும் கட்சிக்குப் போயிருந்தன. ஆகஸ்டில், பிரதமரின் தேர்தலை நீதிமன்றங்களின் விசாரணை வரம்பிலிருந்தே எடுத்துவிடும் 39ஆவது திருத்தம் மின்னல் வேகத்தில் வந்தது. ஆகஸ்ட் 7 மக்களவை, 8 மாநிலங்களவை, 10 குடியரசுத் தலைவரின் ஒப்புதல். இடைப்பட்ட ஒரே நாளில் தேவையான மாநிலச் சட்டமன்றங்களின் இசைவும் வாங்கப்பட்டது. பிரதமரின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரவிருந்த நாள் ஆகஸ்ட் 11.

இதில் எந்தப் படியும் விடுபடவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாதது. அமைச்சரவை, குடியரசுத் தலைவர், இரு அவைகள், மாநிலங்கள் என்று அரசியலமைப்பு வைத்திருந்த அத்தனை கதவுகளையும் தட்டித்தான் போயிருக்கிறார்கள். இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் பெட்டகம் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு சாவியையும் ஒரே கொத்தில் கோத்து ஒரே ஆள் இடுப்பில் செருகிக்கொண்டதைப் போன்றது அது. அமைச்சர்களின் பதவி பிரதமரின் விருப்பத்தில் இருந்தது. குடியரசுத் தலைவர் ஓராண்டுக்கு முன் அதே கட்சியின் தேர்வாக வந்தவர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பிரதமரின் முகத்துக்காக வாக்கு வாங்கி வந்தவர்கள். 1973 ஏப்ரலில் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டபோதே, பதவி உயர்வு எங்கிருந்து வருகிறது என்ற பாடம் நீதித்துறைக்கும் புகட்டப்பட்டிருந்தது. விசாரணையின்றிச் சிறையிலிருப்பவர்களின் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொன்னதை, 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் கவிழ்த்தது. அந்த ஒருவரான எச்.ஆர். கன்னாவைத் தாண்டி, அடுத்த ஜனவரியில் எம்.எச். பேக் தலைமை நீதிபதி ஆனார்; கன்னா பதவி விலகினார்.

அந்த இரவில் நிர்வாகத்தின் கை எட்டாமல் போன இடம் ஒன்றும் உண்டு. அது எந்தப் பிரிவிலும் எழுதப்படாதது. பத்திரிகைகள் மறுநாள் வெளிவரக் கூடாது என்று டெல்லியின் பகதூர் ஷா ஜாஃபர் சாலையில் இருந்த அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஆனால் ஹிந்துஸ்தான் டைம்ஸ், ஸ்டேட்ஸ்மன் ஆகிய இரண்டு நாளிதழ்களுக்கும் மின்சாரம் வேறொரு நகராட்சி அமைப்பிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த அமைப்புக்கு உத்தரவு போகாததால் அவை அச்சேறின. அதிகாரப் பகிர்வைப் பற்றி எழுதப்பட்ட கனமான நூல்களைவிட இந்த ஒரு தகவல் எனக்கு அதிகம் சொல்லித் தந்தது. பொத்தான் வேறொருவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். அவர் நல்லவரா, துணிச்சல்காரரா என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

ஒரே பிரிவு, இரண்டு முடிவுகள்

சியோலில் நடந்ததை மக்களின் துணிச்சல் என்று மட்டும் சொல்பவர்களிடம் நான் 1980ஐ நினைவூட்டுவதுண்டு. ராணுவச் சட்டத்தை நீக்கும்படி நாடாளுமன்றம் கேட்டால் அதிபர் நீக்க வேண்டும் என்னும் விதி, அப்போதைய கொரிய அரசியலமைப்பிலும் இருந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் நாடு முழுவதற்கும் ராணுவச் சட்டம் விரிவுபடுத்தப்பட்டதும், நாடாளுமன்றம் கூடவிடாமல் படையினர் அதன் வாசலை அடைத்தார்கள். அடுத்து குவாங்ஜுவில் ரத்தம் ஓடியது. அன்று துணிச்சலுக்குப் பஞ்சமில்லை. குவாங்ஜுவின் மக்கள் காட்டியதைவிடப் பெரிய துணிச்சலை யாரும் கேட்க முடியாது.

எனவே 2024இல் மாறியிருந்தவை என்னவென்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அதிபருக்கு நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் இல்லை. அந்த 190 பேரின் இருக்கை அதிபரின் கையில் இல்லை. அவர்களில் 18 பேர் அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்கள். அமைச்சரவைக் கூட்டம் என்ற சடங்கு அறிவிப்புக்கு முன் சில நிமிடங்கள் நடந்தது. பலர் தயங்கினார்கள், ஆனால் ஒருவராலும் அதிபரைத் தடுக்க முடியவில்லை. அவர்கள் நாற்காலி அதிபர் கொடுத்தது. டெல்லியின் காலை ஆறு மணி அமைச்சரவைக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நிர்வாகத்துக்குள்ளேயே வைக்கப்படும் தடைகள் இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன, அதாவது வேலை செய்யவில்லை. தடுத்தது வெளியிலிருந்து வந்த கைதான்.

ஆனாலும் உள்ளே வைக்கும் தடைகள் பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். அவை தடுக்காவிட்டாலும் தடயம் விடுகின்றன. யூனைப் பதவி நீக்கிய அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு, முறையான அமைச்சரவை ஆலோசனை நடக்கவில்லை, பிரதமரும் அமைச்சர்களும் உடன் கையெழுத்திடவில்லை, நாடாளுமன்றத்துக்குத் தகவல் அனுப்பவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியது. அந்த இரவில் யாரையும் நிறுத்தாத விதிகள், நான்கு மாதம் கழித்து 2025 ஏப்ரல் 4 அன்று சாட்சிகளாக வந்து நின்றன. தீர்ப்பளித்த எட்டு நீதிபதிகளும் ஒருமித்திருந்தார்கள். அவர்களில் யூன் நியமித்தவரும் உண்டு. நியமித்தவர் யாராயினும், ஆறு ஆண்டுப் பதவிக்காலத்தில் அவரால் நீதிபதியை எடுக்க முடியாது என்பதே அந்த ஒருமிப்புக்குப் பின்னால் இருக்கும் எளிய கணக்கு என்று நினைக்கிறேன். ராணுவச் சட்டம் சீக்கிரம் நீங்கியதற்கு மக்களின் எதிர்ப்போடு, படையினரும் காவலர்களும் தங்கள் பணியைச் சுணக்கமாகச் செய்ததும் காரணம் என்று நீதிமன்றம் குறிப்பிட்டதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் எந்த உத்தரவும் ஒரு மனிதனின் கை வழியாகத்தான் போயாக வேண்டும்.

இலங்கையின் நாற்காலி

நாற்காலி என்று நான் சொல்வதை உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கொழும்பில் சபாநாயகர் கரு ஜயசூரியவின் நாற்காலியை மகிந்த ராஜபக்சவின் ஆதரவு உறுப்பினர்கள் உண்மையிலேயே பிடித்துக்கொண்டார்கள். அவர் காவலர்கள் சூழ அவைக்குள் வந்து, கையில் ஒலிவாங்கியைப் பிடித்தபடி குரல் வாக்கெடுப்பு நடத்தினார். மிளகாய்த் தூள் கலந்த நீர் வீசப்பட்டது. அதற்கு மூன்று வாரம் முன்பு, அக்டோபர் 26 அன்று, அதிபர் மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை அமர்த்தியிருந்தார். பெரும்பான்மை கிடைக்காது என்று தெரிந்ததும், நவம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தைக் கலைத்தார். நான்கரை ஆண்டு முடியும் முன் கலைக்க முடியாது என்று 2015இன் 19ஆவது திருத்தம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் நவம்பர் 13 அன்று இடைக்காலத் தடை போட்டது. டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். மூன்று நாளில் ரணில் மீண்டும் பதவியேற்றார்.

இதே 19ஆவது திருத்தம்தான், உயர் நீதிபதிகளின் நியமனத்தை அதிபரின் தனி விருப்பத்திலிருந்து எடுத்து அரசியலமைப்புப் பேரவை ஒன்றின் ஒப்புதலுக்கு உட்படுத்தியிருந்தது. கலைப்பைத் தடுத்த பிரிவும், தடுத்துச் சொல்ல நீதிபதிக்கு முதுகெலும்பு கொடுத்த பிரிவும் ஒரே திருத்தத்தில் வந்தவை. 2020இல் புதிய அதிபரின் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு பலம் கூடியதும், முதல் வேலையாக 20ஆவது திருத்தம் கொண்டுவந்து அந்தப் பேரவையின் ஒப்புதல் அதிகாரத்தைப் பறித்தார்கள். எங்கே கை வைக்க வேண்டும் என்று ஆட்சியாளர்களுக்கு எப்போதும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அரசியலமைப்பைப் படிக்கும் நாம்தான் அடிப்படை உரிமைகளின் பட்டியலை முதலில் புரட்டுகிறோம், நியமன விதிகளைக் கடைசியில்கூடப் பார்ப்பதில்லை. மக்கள் வீதிக்கு வந்து ஓர் அதிபரை ஓடவிட்ட பிறகு, 2022இல் 21ஆவது திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

இவ்வளவு தடை வைத்தால் அரசாங்கம் எதையும் செய்ய முடியாது என்ற வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். அதில் பொருள் இல்லாமல் இல்லை. யூனும் அதைத்தான் சொன்னார். எதிர்க்கட்சிகளின் நாடாளுமன்றம் அதிகாரிகள் மீது அடுத்தடுத்துப் பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தது, வரவு செலவுத் திட்டத்தை வெட்டியது. நாடாளுமன்றமும் பொறுமையோடு பேசித் தீர்த்திருக்க வேண்டும் என்று நீதிமன்றமே சொன்னது. அமெரிக்காவில் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு அலுவலகங்கள் முடங்கிக் கிடந்ததையும் இந்தக் கணக்கில் எழுதலாம். முடக்கத்தின் இழப்பை அன்றாடம் கூலியிலும் கோப்பிலும் அளந்துவிட முடிகிறது. கட்டவிழ்ந்த அதிகாரத்தின் இழப்போ பல ஆண்டு கழித்து ஆணைய அறிக்கைகளில்தான் தெரியவருகிறது. அதனால்தான் முதல் வாதம் எப்போதும் எடுபடுகிறது.

நம் கதவுகள்

ஜனதா ஆட்சியில், 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம் 1975இன் ஓட்டைகளை அக்கறையோடு அடைத்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்து மூலம் வந்தால்தான் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்யலாம். பிரகடனத்துக்கான காரணங்களில் ‘உள்நாட்டுக் குழப்பம்’ போய் ‘ஆயுதக் கிளர்ச்சி’ வந்தது. நாடாளுமன்றம் அதை அங்கீகரிப்பதற்கான கெடு இரண்டு மாதத்திலிருந்து ஒரு மாதமாகக் குறைந்தது. சாதாரணப் பெரும்பான்மைக்குப் பதில், ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் தேவை. 21ஆவது பிரிவு தரும் உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான உரிமையை இனி நிறுத்தி வைக்க முடியாது. மக்களவையின் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால், 14 நாளுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்டி, சாதாரணப் பெரும்பான்மையால் நெருக்கடி நிலையை ரத்து செய்யலாம். சியோலில் அந்த இரவு நடந்ததற்கு நம் அரசியலமைப்பில் இணையான கதவு இந்தக் கடைசி விதிதான்.

ஆனால் ஏழே ஆண்டில், 1985இல், 52ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்லும் அந்த அட்டவணையின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் விலகி நின்றாலோ உறுப்பினரின் பதவி போகும், கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னித்தால் ஒழிய. ஆட்களை விலை பேசுவதைத் தடுக்க வந்த சட்டம். அந்த நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நெருக்கடி நிலையை ரத்து செய்ய ஆளும் கட்சியினர் சிலரின் வாக்காவது வேண்டும். அந்தச் சிலருக்குக் கொறடா உத்தரவு வந்திருக்கும். சியோலில் அன்றிரவு வந்த 18 பேரின் இடத்தில் நம் உறுப்பினர்களை நிறுத்தினால், ‘ஆம்’ என்று பொத்தானை அழுத்துபவர் அத்தோடு தன் இருக்கையையும் இழக்கத் துணிந்தவராக இருக்க வேண்டும். கொரியாவிலும் கட்சிப் பிடி இல்லாமலில்லை. டிசம்பர் 7 அன்று வந்த முதல் பதவி நீக்கத் தீர்மானத்தின்போது ஆளும் கட்சியினர் ஏறக்குறைய அனைவரும் வெளிநடப்புச் செய்ததால் அது விழுந்தது. ஒரு வாரம் கழித்து 204 வாக்குகளோடு நிறைவேறியது. எதிரணியின் பலம் 192தான். எஞ்சிய 12 பேர் யாரென்று இன்று வரை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனெனில் அது ரகசிய வாக்கெடுப்பு.

கொறடா உத்தரவின் பிடி எங்கெங்கு செல்லலாம் என்பதை வரையறுக்கும் யோசனை புதிதல்ல. தேர்தல் சீர்திருத்தத்துக்காக அமைந்த தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே, நம்பிக்கை வாக்கெடுப்பு, நிதி மசோதா போன்ற ஆட்சியின் நிலைப்பைத் தொடும் வாக்கெடுப்புகளுக்கு மட்டும் தகுதி நீக்கத்தைச் சுருக்கலாம் என்று பரிந்துரைத்தது. கட்சித் தாவல் சட்டம் செல்லும் என்று 1992இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், கொறடா உத்தரவு அந்த வகை வாக்குகளோடு நின்றுகொள்வது நல்லது என்ற பொருளில்தான் பேசியது. நான் கேட்பது அவ்வளவுகூட இல்லை. 352ஆவது பிரிவின் கீழ் நெருக்கடி நிலையை அங்கீகரிக்கவோ ரத்து செய்யவோ வரும் தீர்மானத்துக்கு மட்டும் கொறடா உத்தரவு செல்லாது என்று ஒரே ஒரு வரி பத்தாவது அட்டவணையில் சேர வேண்டும். அந்த வரியைச் சேர்க்கவும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டும். அந்த வாக்கெடுப்பில் கொறடா உத்தரவு இருக்கும்.